ஆறு படத்துக்கு ஒரு நடுக்கம்

மினி பஸ் தெருமுனையில் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கலாம். இரண்டு கைகளிலும் இரண்டு அரிசிப் பைகள், வாயைக் கயிற்றால் கட்டியவை. உச்சி வெயில். தோள்கள் இரண்டும் கீழே இழுபட்டிருந்தன. ஆனாலும் பைகளை அவர் தரையில் வைக்கவில்லை.

"படம் போடுற சார் வீடு இதுதானுங்களா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி விசாலம்தான் போய்க் கேட்டைத் திறந்தாள்.

"உள்ள வாம்மா. ஏன் சுமந்துக்கிட்டே நிக்கிற? இங்கிட்டு இறக்கி வை."

"தரையில வேணாம்மா. இப்பத்தான் தொடச்சிருக்கீங்க போல, ஈரமா இருக்கு. மேசை இருக்குங்களா?"

எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே மேசையில் என் தட்டு இருந்தது. அவர் தயங்கவில்லை. ரசச் சட்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, இரண்டு பைகளையும் ஏற்றி வைத்தார். கயிற்றை அவிழ்த்ததும் மீன் வாசனை அறை முழுக்கப் பரவியது. உள்ளே மீன் இல்லை. தாள்கள். கட்டுக்கட்டாக, ரப்பர் பேண்ட் போட்டு, ஒவ்வொரு கட்டின் மேலும் பென்சிலால் எண் எழுதி.

"மணமேல்குடியில இருந்து வாரேன் சார். எம் பேரு சகாயராணி. நீங்க எம் பேர எழுதல. ஆனா அது நான்தான்னு எங்க ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

கை தயிர்ச் சோற்றிலேயே நின்றுவிட்டது. யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"இதுல ரெண்டாயிரத்து எண்ணூத்தி எம்பது இருக்கு. எண்ணிப் பாருங்க. அவசரம் இல்ல, சாப்ட்டு முடிச்சே எண்ணுங்க. நான் இருக்கேன். ஆலங்குடிக்குச் சாயங்கால பஸ்சு எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லிப்புடுங்க."

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குச் சில வாரங்களுக்கு முன் வந்த ஓர் அத்தியாயம் நினைவிருக்கும். கையால் வரைந்தது என்று சொல்லிக் கம்ப்யூட்டர் படத்தைப் போட்டிக்கு அனுப்பிய ஒருவரை நான் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தேன். இத்தனை வாரங்களில் அதற்குத்தான் அதிகக் கடிதம் வந்தது. "உங்கள் கண்ணுக்கு ஒரு கும்பிடு" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

அந்த அத்தியாயம் பொய். எழுதியவன் நான். எப்படிப் பொய்யானது என்பதை இந்த வாரம் சொல்கிறேன்.

ஹாலில் நான் சொன்னது

புதுக்கோட்டையில் ஒரு கலை மன்றம் மாவட்ட அளவில் குறும்படப் போட்டி நடத்தியது. அதில் ஒரு பிரிவு, தாளில் கையால் வரைந்த அனிமேஷன் படங்களுக்கு. அந்தப் பிரிவுக்கு வந்தவை மொத்தமே மூன்று படங்கள். நடுவர்களாக உட்கார்ந்தவர்களில் தாளில் வரைந்து பிழைத்தவன் நான் ஒருவன்தான். சென்னையில் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தொழில் செய்துவிட்டுத்தான் திருவரங்குளத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மூன்றாவதாக ஓடியது 'கரையுறதுக்குள்ள' என்ற நான்கு நிமிஷப் படம். ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு ஐஸ் பார் சறுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. ஆட்கள் அதைச் சுமந்து படகில் ஏற்றுகிறார்கள். படகு கடலுக்குள் போகிறது. வலை விழுகிறது, எழுகிறது. ஐஸ் சிறுத்துக்கொண்டே வருகிறது. படகு கரைக்குத் திரும்பும்போது பெட்டிக்குள் தண்ணீரும் ஒற்றை மீனும் மட்டும். வசனம் கிடையாது.

நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. முதலில் எனக்கு அதுவே உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உருகும் பனிக்கட்டியை வரைவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கடற்கரையில் பெயர் தெரியாத ஒருவர் அதை வரைந்திருக்க முடியும் என்று என் மனம் ஒப்பவில்லை.

பிறகு கோட்டின் நடுக்கத்தைக் கவனித்தேன். கையால் வரைந்த படத்தில் கோடு கொஞ்சம் நடுங்கும். ஒரு தாளில் வரைந்த மூக்கு அடுத்த தாளில் அப்படியே வராது. அது இயல்பு. ஆனால் இந்தப் படத்தின் நடுக்கத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. தாளுக்கு ஒரு படமாக, ஆறு படம் நடுங்காமல் நிற்கிறது, ஒரு குதி. மறுபடி ஆறு படம், மறுபடி ஒரு குதி. கடைசிவரை அப்படியே.

மன்றத்துச் செயலாளர் படத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்கதான் சொல்லணும்."

ஹாலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்கு வந்த பிறகு யாரும் என்னிடம் ஒரு விஷயத்துக்கு முடிவு கேட்டதில்லை. மின்சார பில் கட்டும் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

"இது கை இல்லை. மெஷின்" என்றேன். "மனுஷக் கை இவ்வளவு கணக்காக நடுங்காது."

யாரோ கை தட்டினார்கள். பலரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கைதட்டலில் எனக்கு உடம்பு சூடேறியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. விண்ணப்பத்தை வாங்கி வரைந்தவர் யார் என்று ஒரு முறை பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. படத்தை நீக்கினார்கள். டீ வந்தது, குடித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். வாரா வாரம் பக்கத்தை நிரப்ப வேண்டுமே. அதை ஓர் அத்தியாயமாக்கினேன். பெயர் போடவில்லை, அது என் பெருந்தன்மை என்று நினைத்தேன். ஐஸ் பார், படகு, ஒற்றை மீன் எல்லாவற்றையும் எழுதினேன். மணமேல்குடிப் பக்கம் ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்து படம் வரைகிற பெண் எத்தனை பேர் இருப்பார்கள்?

கணக்கான நடுக்கம் எனக்கு எப்படித் தெரியும்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதாமல் தாண்டிப்போன வருஷங்கள் அவை.

படிப்பு முடிந்து சென்னையில் நான் சேர்ந்த ஸ்டூடியோ ஒரு பழைய பங்களா. முன் அறையில் பதினான்கு மேசைகள். ஒவ்வொன்றிலும் சாய்த்து வைத்த கண்ணாடி, அடியில் விளக்கு. தாளை அதன்மேல் வைத்தால் கீழே உள்ள தாளின் கோடு தெரியும். அதைப் பார்த்து ஒரு மயிரிழை நகர்த்தி அடுத்ததை வரைய வேண்டும். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு தாள். குடும்ப நலப் படம், பல்பொடி விளம்பரம், தடுப்பூசிப் படம் என்று வரைந்தோம். கிராஃபைட் தூள் ஏறி எங்கள் எல்லாருடைய சுண்டுவிரல் பக்கமும் வெள்ளி மாதிரி மினுங்கும். சாப்பிடும்போதும் போகாது.

அங்கே தாள் வைக்கும் அலமாரியின் அடித்தட்டில் ஒரு நாற்பது வாட் பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். நான் சேர்ந்த முதல் வாரம், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதை அணைத்துவிட்டேன். அடைமழைக் காலம். எங்கள் தலைமை ஓவியர் வந்து பார்த்துவிட்டுக் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"யோவ் படிச்சவனே, தாள் தண்ணி குடிக்கும்யா! குடிச்சா ஊதும். ஊதுன தாள்ல வரஞ்சா நாளைக்குக் காயும்போது படம் சுருங்கும். நீ வரஞ்ச ஆளு ஸ்கிரீன்ல குட்டிக்கரணம் போடுவான்!"

இந்தப் பாடத்தை என்னிடம் கத்திச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதை நான் குறை சொல்லப் போவதில்லை. மேசைகளைக் கழற்றி மூலையில் அடுக்கியவர்களில் நானும் ஒருவன். புது வேலையை மற்றவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் போடும் கோடு வழவழவென்று இருக்கும். சில வருஷத்தில் விளம்பரக்காரர்களுக்கு அது சலித்துவிட்டது. "கையால வரஞ்ச மாதிரி இருக்கணும் சார், வீட்டு மணம் வேணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கையால் வரையச் சொல்லியிருக்கலாம். அதற்கு அவர்களுக்குப் பொறுமை கிடையாது. வரைந்த மாதிரி இருந்தால் போதும்.

அந்த மாதிரியைச் செய்து கொடுத்தவன் நான். வழவழப்பான கோட்டை எடுத்து, ஆறு படத்துக்கு ஒரு முறை லேசாக உலுக்கிவிடுவேன். எங்களுக்குள் அதற்கு ஒரு பெயர் உண்டு: 'தாத்தா கை'. "இந்த ஊறுகாய் படத்துக்குக் கொஞ்சம் தாத்தா கை போட்டுருங்க" என்பார்கள். போட்டுவிடுவேன். மாவு விளம்பரத்துக்கும் போட்டேன், சேமிப்புத் திட்டத்துக்கும் போட்டேன். வீட்டில் டி.வி. பார்த்த யாருக்கும் அது பொய் நடுக்கம் என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன்.

ஹாலில் அன்று நான் பார்த்தது அந்த ஆறு படக் கணக்கைத்தான். என் பொய்யை அவருடைய தாளில் பார்த்துவிட்டு, அவரைப் பொய்யர் என்று சொன்னேன்.

ஐஸ் கம்பெனித் தாளும் வீட்டுத் தாளும்

சாப்பாட்டுத் தட்டை விசாலம் எடுத்துப் போய்விட்டாள். கை கழுவி வந்து உட்கார்ந்தேன். நியாயமாகப் பார்த்தால் உடனே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் அப்போதும் கேட்கவில்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். "இவ்வளவு தாள் இருக்கிறதே, கம்ப்யூட்டரில் செய்துவிட்டுப் பிறகு பார்த்து வரைந்திருக்கலாம் அல்லவா" என்று கேட்டேன்.

விசாலம் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

சகாயராணிக்குக் கோபம் வந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"சார், நான் ஐஸ் கம்பெனியில டோக்கன் எழுதுறேன். எந்தப் படகுக்கு எத்தன பாருன்னு எழுதிக் குடுக்கணும். காலையில படகு போனப்பறம் கொஞ்சம் சும்மா இருக்கும். அப்ப அங்க ஆறு படம் வரைவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போயி, வெளக்கேத்துறதுக்குள்ள ஆறு படம் வரைவேன். ஒரு நாளைக்கு ஒரு விநாடி. அதுக்கு மேல முடியாது, வேல கூடுன நாள்ல அதுவும் கெடையாது. அத ஒரு தடவ வரையவே எனக்கு ஒன்ற வருஷம் ஆச்சு. கம்ப்யூட்டர்ல செஞ்சிட்டு, அப்பறம் இத்தனையையும் பாத்து வரைய நான் என்ன பைத்தியமா?"

 என் காதில் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. அங்கே ஆறு. வீட்டில் ஆறு.

ஒரு கட்டை எடுத்துக் கட்டைவிரலால் புரட்டினேன். என் விரலுக்கு அது மறக்கவில்லை. தாள்கள் சரசரவென்று விழ, ஐஸ் பாரின் மூலை ஒன்று உருண்டு, வழிந்து, துளியாகிச் சொட்டியது. தாள் ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம். ஒரு தாளின் முதுகில் உலர்ந்த மீன் செதில் ஒட்டியிருந்தது. இன்னொன்றில் ஏதோ படகின் டோக்கன் எண்ணை எழுதி அடித்திருந்தது.

தாள்களின் கீழ் ஓரத்தில் இரண்டு துளைகள். ஆபீஸில் கோப்புக்குப் போடும் துளைதான். ஒரு பலகையில் இரண்டு போல்ட்டை அடித்து, அதில் தாளை மாட்டி வரைந்திருக்கிறார். அசையாத பகுதிகளை, படகு, கொடிக்கம்பம் முதலியவற்றை, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டில் மார்க்கரால் வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளுக்கு அடியிலும் அதை வைத்துப் பார்த்தே போட்டிருக்கிறார். பலகையும் ஷீட்டும் அவரோடு கம்பெனிக்குப் போகும், வீட்டுக்கு வரும். தாள் மட்டும் இரண்டு இடத்திலும் தனித்தனி. எப்போதும் ஒரு ரீம் கம்பெனியில், ஒரு ரீம் வீட்டில்.

"கம்பெனியில் எங்கே வைப்பீர்கள் தாளை?"

"ஐஸ் ரூமை ஒட்டித்தான் சார் எங்க ஆபீஸு. சொவத்துல கை வச்சா தண்ணி வழியும். ரிஜிஸ்டரெல்லாம் சொதசொதன்னுதான் இருக்கும்."

"வீட்டில்?"

"ஆஸ்பெட்டாஸ் கூரை. அப்பளம் காயுற சூடு."

படகு வரும் ஒரு கட்டிலிருந்து ஆறாவது தாளையும் ஏழாவது தாளையும் எடுத்தேன். துளையோடு துளை பொருத்தி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கீழே, துளைக்குப் பக்கத்தில், படகைத் தொடும் தண்ணீர்க் கோடு இரண்டிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தது. மேலே போகப் போக விலகியது. கொடிக்கம்பத்தின் நுனியில் ஒரு நகத்தின் கனம் வித்தியாசம். பக்கவாட்டில் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. தாளில் நார் ஒரே வாக்கில் ஓடும். ஈரம் ஏறினால் அதற்குக் குறுக்கே மட்டும்தான் ஊதும்.

"ஆறாவது எங்கே வரைந்தது?"

"கம்பெனியில."

"ஏழு?"

"வீட்டுல."

பன்னிரண்டையும் பதிமூன்றையும் எடுத்தேன். அதே நகத்தின் கனம், இந்த முறை மறுபக்கமாக. கம்பெனியில் தாள் தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறது. அதில் வரைந்தார். வீட்டுக்கு வந்து காய்ந்ததும் படம் சுருங்கியது. வீட்டுத் தாள் சுருங்கவில்லை. ஆறு சுருங்கிய படம், ஆறு சுருங்காத படம். கணக்காகத்தான் நடுங்கும். வேறெப்படி நடுங்கும்?

நான் போட்ட தாத்தா கையாக இருந்தால் படம் முழுக்க ஒரே மாதிரி உலுங்கும், அடியும் சேர்ந்து ஆடும். இந்தப் படத்தில் அடி அசையவில்லை, தலை மட்டும்தான் ஆடியது. திரையில் அது நான்கு நிமிஷம் என் கண் முன்னால் ஓடியது. மாவட்டத்தில் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அந்த ஒருவனும் பார்க்கவில்லை.

"என்ன சார், ஏதாச்சும் தப்பா இருக்கா?"

"தப்பு என்னுடையது" என்றேன். அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது எனக்கு.

அவர் அழவில்லை. பெருமூச்சும் விடவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் சார். வரஞ்சது நான்தானே. அத நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல."

அவர் இழந்தது

விசாலம் அவருக்குச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டேதான் மற்றதைச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, விசாலத்திடம் சொன்னார்.

பத்திரிகைப் பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஐஸ் வாங்க வந்த படகுக்காரர் ஒருவர், "டோக்கன் அக்கா, இன்னிக்கு நெசமான ஐசா, இல்ல கம்ப்யூட்டர் ஐசா?" என்று கேட்டாராம். அதற்கு அங்கே ஒரே சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டு டோக்கனை எழுதிக் கொடுத்திருக்கிறார். தினமும் யாராவது ஒருவர் அதையே கேட்கிறார்களாம். வரைவதை நேரில் பார்த்தவர்களும் கேட்கிறார்களாம்.

"அதெல்லாம் போகட்டும்மா. வாய் வலிச்சா நிறுத்திக்குவாங்க. எங்க வீட்டுக்காரரு சவூதியில இருக்காரு. நான் வரஞ்சத அவரு பாத்ததில்ல, போன்லதான் சொல்லுவேன். இன்னிக்கு இத்தனாவது தாளுன்னு. அவருக்கும் யாரோ அத அனுப்பிட்டாங்க. போன் போட்டாரு. மொதல்ல சாப்ட்டியான்னு கேட்டாரு. அப்பறம் கேட்டாரு, 'நெசமாவே நீதான் வரஞ்சியா?'ன்னு."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், எடுத்து வாயில் வைக்கவில்லை.

"பொஸ்தகத்துல போட்டிருக்கே, படிச்ச பெரியவரு எழுதியிருக்காரேங்குறாரும்மா."

விசாலம் என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று அவரிடம் கேட்டாள்.

அடுத்த வருஷமாம்

அப்போதே, அவர் முன்னாலேயே மன்றத்துச் செயலாளருக்கு போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். தாள்கள் என் மேசைமேல் இருக்கின்றன, என் தீர்ப்பு தவறு, அதை ரத்து செய்யுங்கள் என்றேன்.

"சார், ரிசல்ட்ட போட்டாச்சு. குரூப்லயும் போட்டாச்சு. இனிமே மாத்துனா நல்லா இருக்காது."

"அந்த அம்மா ஏமாற்றினார் என்று ஊர் சொல்கிறதே, அது நல்லா இருக்கிறதா?"

"நாங்க அப்படிச் சொல்லலியே சார். படம் பிரிவுக்குப் பொருந்தலன்னுதான் சொன்னோம். ஏமாத்துனாங்கன்னு எழுதுனது நீங்கதான்."

உண்மைதான். 

"ஒண்ணு பண்ணலாம் சார். அடுத்த வருஷம் அனுப்பச் சொல்லுங்க. வரையும்போது ஒரு ப்ராசஸ் வீடியோ எடுத்து வச்சுக்கிட்டாங்கன்னா பிரச்சனையே இல்ல. இப்ப எல்லாரும் அப்படித்தான் அனுப்புறாங்க."

போனை வைத்துவிட்டேன். அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒன்றரை வருஷம், ஒரு கையில் டோக்கன், ஒரு கையில் பென்சில் என்று வரைந்தவர், தன் கை தன் கைதான் என்று காட்ட அதையும் படம் பிடிக்க வேண்டுமாம். சட்டை தைத்துக் கொடுத்த டெய்லரிடம் தைத்த வீடியோ எங்கே என்று நாம் கேட்கிறோமா? கதிர் அறுத்தவரிடம் கேட்கிறோமா? ஒரு வார்த்தை தட்டினால் மெஷின் ஆயிரம் படம் கொட்டுகிறது. கொட்டட்டும். அதை ஓட்டுகிறவர்கள் யாரிடமும் நாம் சாட்சி கேட்பதில்லை. அவர்களைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். உட்கார்ந்து வரைந்தவரைத்தான் கூண்டில் ஏற்றுகிறோம். பொய் இவ்வளவு மலிந்ததற்கு அபராதம் கட்டுகிறவர் பொய் சொல்லாதவராக இருக்கிறார். இது என்ன நியாயம்?

அந்தப் பொய்யை மலிய வைத்தவர்களில் நான் ஒருவன். ஊறுகாய் விளம்பரத்துக்கு நான் போட்ட நடுக்கமும் அதில் சேர்ந்ததுதான். கோபப்படும் உரிமை எனக்குக் குறைவு என்று தெரிந்தேதான் கோபப்படுகிறேன்.

"நீங்க ஏன் சார் அவர்கிட்ட கத்துனீங்க?" என்றார் சகாயராணி. "அடுத்த வருசம் எனக்கு வேணாம். பரிசும் வேணாம். எழுதுன எடத்துலயே திருப்பி எழுதுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"எழுதுகிறேன்."

"பேர் போட்டு எழுதணும். 'ஒரு பெண்மணி'ன்னு எழுதுனா ஒத்துக்க மாட்டேன். திட்டும்போது பேர் இல்லாமலே எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. நல்லது சொல்லும்போது பேர் இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது."

பல்பு வேண்டாம் என்றார்

தாள்களை மறுபடி பைகளில் அடுக்க ஆரம்பித்தார். நானும் உதவினேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், அடுத்த படத்துக்கு ஒரு வழி சொன்னேன். தாளை ஒரு மரப்பெட்டியில் வைத்து, அடியில் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டால் ஈரம் ஏறாது, படம் குதிக்காது, எங்கள் ஸ்டூடியோவில் அப்படித்தான் செய்வோம் என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை.

"வேணாம் சார். படம் ஆடுச்சு, கம்ப்யூட்டர்னீங்க. ஆடாம இருந்தாலும் கம்ப்யூட்டர்னுதான் சொல்லுவாங்க. அதுக்கு எங்க கம்பெனி ஈரம் அதுல இருந்துட்டே போகட்டும்."

விசாலம் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

பை தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போனேன். அவர் இரண்டு பைகளையும் விடவில்லை, ஒன்றைத்தான் என்னிடம் கொடுத்தார். ஏழு கிலோ இருக்கும். ஆலங்குடியில் ஒரு பஸ், அறந்தாங்கியில் ஒரு பஸ் மாறி அதை அவர் திரும்பவும் கொண்டுபோக வேண்டும். வரும்போதும் அப்படித்தான் கொண்டுவந்தார். தன் கை தன் கைதான் என்று ஒரு கிழவனிடம் காட்டுவதற்காக.

மினி பஸ் வருவதற்குள் ஒரு கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்தார். நான் அழகான ஒன்றைத் தருவார் என்று நினைத்தேன். டீ வட்டம் விழுந்த தாள் அது.

"இதப் போடுங்க. கம்பெனியில வரஞ்சது."

இந்தத் தொடரின் தலைப்பில் வாரா வாரம் நான் வரைந்த சின்னப் படம் ஒன்று இருக்கும். இந்த வாரம் அது இல்லை. அங்கே இருப்பது 'கரையுறதுக்குள்ள' படத்தின் ஆயிரத்து நூற்றுப் பதினேழாவது தாள். ஐஸ் பார் பாதிக்கு மேல் கரைந்திருக்கிறது. ஓரத்தில் டீ வட்டம், அடியில் இரண்டு துளைகள். கறை என்று நினைத்து அழித்துவிட வேண்டாம், துளைகளை வெட்டிவிட வேண்டாம் என்று ஆசிரியருக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். படத்தின் கீழே பெயர் இருக்கிறது: சகாயராணி, மணமேல்குடி.

சவூதியில் இருக்கும் அவருடைய கணவருக்கு இந்தப் பக்கத்தை யாராவது அனுப்பி வைப்பார்கள். சென்ற முறை அனுப்பினார்களே, இந்த முறையும் அனுப்பட்டும். ஐயா, நீங்கள் உங்கள் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதை உங்கள் வாயில் வைத்தவன் நான். பதிலையும் நானே சொல்கிறேன். அவர்தான் வரைந்தார். இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பதையும்.